இரட்டை வாரம்

முந்நூறு மீட்டர் உள்ளே நடந்தாலும்
இடுப்பைத் தாண்டாது எங்கள் பாலட்டோன் ஏரி.
தென்கரைக்கு நீச்சல் பழக வருகிறவர்கள்
நடக்கப் பழகிக்கொண்டு திரும்புகிறார்கள்.

நான் மிதிபடகு வாடகைக்கு விடுகிறவன்.
அன்னக் கழுத்து வைத்தது எட்டு,
சறுக்குமரம் வைத்தது மூன்று,
கழுத்தொடிந்த அன்னம் ஒன்று, அரை விலைக்கு.
அத்தோடு, சம்பளமில்லாமல்,
ஒரு சிவப்புப் படகுக்குக் காவல்.

மணவிலக்கில் வீடு அவளுக்கு, கார் அவனுக்கு.
படகை அறுக்க முடியாதென்பதால்
ஒற்றைப்படை வாரம் திஹாமேருக்கு,
இரட்டைப்படை வாரம் ஓர்ஷோயாவுக்கு.
துடுப்பு வாங்கும் நேரம், திருப்பித் தரும் நேரம்
இரண்டையும் நான் நோட்டில் குறிக்க வேண்டும்.
வக்கீல் சொன்னார். தலையாட்டிவிட்டேன்.

அவன் மக்காச்சோளத்தோடு கெண்டைக்குப் போவான்.
அவள் புழுவோடு போய்க் கெசெக் பிடிப்பாள்,
தட்டையான வெள்ளி மீன், உடம்பெல்லாம் முள்.
யாருக்கும் பிடிக்காது,
அதனாலேயே அவளுக்குப் பிடிக்கும் என்பான்.

ஆகஸ்டில் ஓர் இரட்டை வாரம், சனி, மாலை நான்கு.
புயல்விளக்கு மெல்லச் சிமிட்டியது,
பிறகு கண்ணில் தூசி விழுந்தவனைப் போல வேகமாக.
தெற்கிலிருந்து வந்தாலும் தென்றல் அல்ல அது.
கடைசிக் கரண்டி சூப்புக்குத் தட்டைச் சாய்ப்பதுபோல்
மொத்த ஏரியையும் வடகரைக்குச் சாய்த்தது.

குளித்துக்கொண்டிருந்தவர்கள் முழங்காலளவில் நின்று
தங்கள் தொப்பையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.
என் அன்னங்கள் சேற்றில் அடைகாத்தன.
தூரத்தில் சிவப்புப் படகு
மேசைமேல் வைத்த கிண்ணம்போல் அசையாமல்.
அவள் எழவில்லை.
கணுக்கால் தண்ணீரில் தூண்டில் போட்டபடியே இருந்தாள்.

லாங்கோஷ் கடை வரிசையிலிருந்து வந்தான் திஹாமேர்,
எண்ணெயில் பொரித்த ரொட்டி, பூண்டு வாசனை.
"இது என் வாரமில்லை" என்றான்,
நான் ஒன்றும் கேட்காமலே.
பிறகு காலணிகளைக் கழற்றி
என் கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டு
நடக்க ஆரம்பித்தான், கையில் அந்த ரொட்டியோடு.

தொலைநோக்கியில் பார்த்தேன். பார்ப்பது என் வேலை.
பக்கத்தில் போய் நின்றான்.
படகைத் தொடவில்லை;
ரொட்டியில்லாத கையை
முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.
அவள் ஏதோ சொன்னாள். அவன் ஏதோ.
காற்று அதையும் வடகரைக்குக் கொண்டுபோனது.
நெடுநேரம் கழித்து
வாளியை மடிக்கு எடுத்துக்கொண்டு
இருக்கையில் கொஞ்சம் நகர்ந்தாள்.

ஏரி திரும்பி வர இரவு பத்தாயிற்று.
துடுப்பை நீட்டிய கை யாருடையதென்று
இருட்டில் தெரியவில்லை.
வாளியில் நான்கு கெசெக்,
மேலே எண்ணெய்க் காகிதம், ஒழுங்காக மடித்தது.

நோட்டை விரித்தேன்.
எடுத்த நேரம் இருக்கிறது. கொடுத்த நேரம்?
மிதந்தால்தானே படகு?
ஆறு மணிநேரம் அது ஒரு பெஞ்சு.
பெஞ்சை யார் கணக்கில் எழுதுவது?

பேனாவைக் கடித்துக் கடித்து
"தண்ணீர் இல்லை" என்று எழுதி மூடினேன்.
காலணிகள் இன்னும்
கல்லாப்பெட்டிமேல்.