வாய் பார்க்கும் வேலை

டுட்லிங்கனில் எனக்கு
வாய் பார்க்கிற வேலை.
சிரிக்காதீர்கள், சம்பளம் உண்டு.

இடுக்கியின் தண்டு இருபத்துமூன்று சென்டிமீட்டர்.
நுனியில் வாய், இரண்டே மில்லிமீட்டர்.
சிட்டுக்குருவிக்குக்கூட இதைவிடப் பெரிது.
உருப்பெருக்கியின் கீழே திறந்து மூடி
உதடு உதட்டில் படிகிறதா,
வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பேன்.
பிறகு நனைத்த டிஷ்யூத் தாளில் ஒரு கடி.
வெட்டினால் பெட்டிக்கு,
பிய்த்தால் திரும்பவும் சாணைக்கு, ஷ்டெஹ்லேயிடம்.
"இதற்கென்ன குறை?" என்பார்.
"தாளைக் கேளுங்கள்" என்று
இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்துவேன்.
பதினொரு வருடக் கத்தல்.

பெப்ரவரியில் தொண்டை கரகரத்தது.
இஞ்சி, மிளகு, சுடுதண்ணீர்.
மார்ச்சில் போனில் காப்புறுதிக்காரி
என்னை என் புருஷன் என்று நினைத்து
"வணக்கம், ஹெர் தவபாலன்" என்றாள்.

டொக்டர் எபிங்கர் திரையில் காட்டினார்.
வெள்ளையாய் இரண்டு குரல்நாண்கள்.
இடது நாணில்
பாதி வெந்த சவ்வரிசி ஒன்று.
"பொலிப். பயமில்லை, எடுத்துவிடலாம்."
ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை.
இடுக்கி எந்தக் கம்பனி என்று கேட்டேன்.
சொன்னார்.
எங்களுடையதுதான்.

அன்றிரவு நித்திரை இல்லை.
ஒரு வெள்ளிக்கிழமை, மணி நாலாக இருந்தது,
பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்.
தாள் வெட்டுப்பட்டதா, பிய்ந்ததா,
நடுவிலே ஒரு நூல் தொங்கியது.
பெட்டிக்குள் போட்டேன்.

மயக்க மருந்து ஏறும்போதும்
அந்த நூல்தான் தொங்கியது.
என் வாய்க்குள் நுழையப் போவது
நான் பார்த்த வாயோ, பார்க்காத வாயோ.

ஏழு நாள் கதைக்கக் கூடாது என்றார்கள்.
தவபாலன் முதல் ஒரு மணித்தியாலம்
அதைக் கவனிக்கவே இல்லை.
ஆற்றோரம் நடந்தேன்.
மேரிங்கனுக்கு அப்பால் கோடையில்
டான்யூப் முழுதாய் நிலத்துக்குள் இறங்கிவிடும்.
கல்லை மிதித்தே ஆற்றைக் கடக்கலாம்.
அதற்கும் யாரோ
கதைக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும்.

எட்டாம் நாள் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு
"ஈ சொல்லுங்கள்" என்றார் டொக்டர்.
ஈ என்றேன்.
கொஞ்சம் தள்ளாடி,
பறந்தது.

திங்கட்கிழமை போய்
அந்த வெள்ளிக்கிழமைப் பெட்டியின் எண்ணைத் தேடினேன்.
லியோனுக்கு அனுப்பியாயிற்று.
ஷ்டெஹ்லேயிடம் சொன்னேன், மெதுவாக.
இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.
கடிதம் எழுதுகிறோம் இப்போது, இரண்டு பேரும்.
லியோனில் யாரோ
வாய் திறந்துகொண்டிருக்கிறார்.