ஆறே முக்கால்

பர்வானியா மருத்துவமனை, நான்காம் மாடி.
இரவுப்பணி முடிய இன்னும் கால் மணி நேரம்.
இங்கே ஆறே முக்கால் என்றால்
அங்கே ஒன்பதே கால்.
மும்பையில் அடிக்கிற மணி
என் சட்டைப்பைக்குள் அதிரும்.

எட்டாம் படுக்கைக்கு இன்சுலின்.
பதினொன்றுக்குச் சிறுநீர்ப் பை மாற்ற வேண்டும்.
மருந்தறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு
பார்த்தேன்:
சிவப்பு.
மேலிருந்து கீழ்வரை
ஒரு வரிகூட மிச்சம் விடாமல்.

அடுத்த வருஷம் மாடி எடுக்க என்று சேர்த்த பணம்.
ரசலிடம் எஃப்டி என்று சொல்லியிருக்கிறேன்.
ஏழு சதவீதம் என்றும் சொல்லியிருக்கிறேன்,
பொய்க்கும் ஒரு வட்டி வேண்டுமே.

பன்னிரண்டாம் படுக்கையில் அபூ மிஷாரி.
வயது எண்பத்தாறு.
பெயர் போய்விட்டது, பிள்ளைகள் முகம் போய்விட்டது,
கையெழுத்து மட்டும் போகவில்லை.
விடிந்ததும் "கலம், கலம்" என்பார்.
பேனா கிடைத்தால்
போர்வை விளிம்பில், காகிதக் கோப்பையில்,
உணவுத் தட்டின் அடியில்
தேதி போட்டுக் கையெழுத்திடுவார்.
தேதி எப்போதும் இனி வரப்போகிற ஒன்று.

மகள் ஒருநாள் சொன்னாள்.
எண்பத்திரண்டில், கார் நிறுத்தும் கட்டிடம் ஒன்றில்
ஊரே பங்கு வாங்கியதாம்,
பின்தேதிக் காசோலைகளை நம்பி.
தேதிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன,
பணம் வரவில்லை.
சொல்லிவிட்டு அப்பாவின் நகத்தை வெட்ட ஆரம்பித்தாள்.

இன்று அவர் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே
என்னையறியாமல் தமிழில் கேட்டேன்:
"வித்திரட்டா பாபா?"
என் கையிலிருந்த பேனாவை வாங்கினார்.
மணிக்கட்டைத் திருப்பி,
நாடி பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து,
நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.
தேதியும் போட்டார்.
பிறகு, காலைச் சாப்பாடு எங்கே என்று கோபித்தார்.

மருந்தறைக்குப் போய் விற்கத் தொடங்கினேன்.
கடவுச்சொல் தவறு.
கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினேன்.
தவறு.
எட்டு நாள் குழந்தையின் நரம்பையும்
தொட்டே கண்டுபிடிக்கிற விரல் இது.
மூன்றாம் தடவை நடுங்கியது.
பாதுகாப்புக் கருதி உங்கள் கணக்கு
இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பூட்டப்படுகிறது.

பகல்பணிக்கு வந்த மாரிசெல்
வார்டு எப்படி என்றாள்.
எல்லாம் ஸ்டேபிள் என்றேன்.

அப்பாசியாவில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
பணமாற்றுக் கடை வாசலில் திருவிழா.
எட்டு மணிக்குத் திறக்கும் கடைக்கு
ஏழரைக்கே வரிசை.
ரூபாய் விழுந்திருக்கிறதாம்.
சந்தை விழுந்தபோது அதன் கையைப் பிடித்துக்கொண்டே
அதுவும் விழுந்திருக்கிறது.
கிளீனிங் கம்பெனிப் பையன்கள், டிரைவர்கள்,
வீட்டு வேலை முடித்து ஓடிவந்த கடப்பாக்காரிகள்,
எல்லார் முகத்திலும் யாரும் தராத சம்பள உயர்வு.
"சிஸ்டர், நாளைக்கு இன்னும் விழும்னு சொல்றாங்க,"
என்றான் எங்கள் வார்டில் தரை துடைக்கும் இசக்கிமுத்து.
அப்படியொரு ஆசை அவன் குரலில்.
நானும் ஒரு கணம் ஆசைப்பட்டேன்.
அப்புறம்தான்
என் பணம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று நினைவு வந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து ரசல்:
"ரேட்டு பாத்தியா? இன்னைக்கே அனுப்பிரு.
நீ போட்டிருக்க அதே எஃப்டியில
இதையும் சேத்துப் போட்டிருவோம்."

சரி என்றேன்.
எனக்கு முன்னால் நாற்பது பேர்.
வெயில் அதற்குள் கழுத்தில் ஏறிவிட்டது.
இரண்டு தடவை கை கழுவியும்
மணிக்கட்டில் அவர் கையெழுத்து அழியவில்லை.
தேதியைப் படித்துப் பார்த்தேன்.
அரபி எண்கள் எனக்குத் தெரியும்.
நாள் இருக்கிறது, மாதம் இருக்கிறது,
வருஷம் மட்டும்
வியர்வையில் ஊறிப் பரவியிருக்கிறது.