ஆக இளைய துளி

மானி என்னுடையது.
அதற்காகத்தான் கூப்பிட்டார்கள், எட்மன் மறைக்கவுமில்லை:
"பெனடிக்டா, தண்ணி ஆய்வுகூடத்தின்ரை
அந்தக் கண்ணாடிக் குச்சியையும் கொண்டு வா."

குருநகர் இறங்குதுறைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி
வலைக்கடைக்கு மேலே ஓர் அறை.
மின்விசிறி மூன்றில்தான் சுற்றும், கூடாது, குறையாது.
பாரிஸிலிருந்து யூட் கொண்டுவந்தது ஐந்து போத்தல் றம்.
சுங்கத்தில் எத்தனை என்று சொன்னான், நான் கேட்கவில்லை.

லேபிள் தெரியக்கூடாதென்று
றெஜினோல்ட் பழைய பேப்பரால் சுற்றினான்.
கைக்கு அகப்பட்டது மரண அறிவித்தல் பக்கம்.
மலர்வு, உதிர்வு, நடுவில் முகம்.
ஐந்து பேர் மேசையில் வரிசையாக நின்றார்கள்.
காலடியில் சோக்கால் இலக்கம் போட்டேன்.

ஒன்று, கராம்பு. பிறகு பள்ளிக்கூட மேசையின் உட்புறம்.
இரண்டு, குட்டானைப் பிரித்ததும் எழும் ஓலை மணம்;
விழுங்கிய பிறகும் இனிப்பு எழும்பிப் போகவில்லை,
விருந்துக்கு வந்த மச்சான் மாதிரி.
மூன்று, வள்ளத்துக்குப் பூசும் தார்,
அதற்குள் எப்படியோ அளவுக்கு மீறிக் கனிந்த கறுத்தக்கொழும்பான்.
"வாழைப்பழம்" என்றான் யூட்.
"உனக்கு மாம்பழம் மறந்துபோச்சு" என்றான் எட்மன்.
அதிலேயே கால்மணி நேரம் போனது.
நாலு, புல் வெட்டியவன் கை.
ஐந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
கிளாஸை மட்டும் திரும்ப நீட்டினார்கள்.

இரண்டாவதை உருளைக்குள் ஊற்றி மானியை விட்டேன்.
"ஐயோ, வீணாக்காதை!"
திரும்ப ஊற்றலாமடா, பொறு.
பேப்பரைக் கழற்றினால் தங்க எழுத்தில் நாற்பது.
மானி நின்றது முப்பத்தைந்தில்.
"அப்ப பொய்யோ?"
"சீனி கரைச்சிருக்கினம். சீனி மானியைத் தூக்கிப் பிடிக்கும்.
இதுக்குப் பாரம் மட்டும்தான் தெரியும், பாவம்."

நாற்பதுக்கு மேலே, அதைவிடப் பெரிதாக, இருபத்துமூன்று.
வருடம் என்ற சொல் எங்குமே இல்லை.
போத்தலை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தேன்.
மூன்றாவதை உரித்தால் மூலையில் சின்னதாக எட்டு,
பக்கத்தில் வருடம், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"இந்த எட்டு, உள்ளுக்குக் கிடக்கிறதிலை
ஆக இளைய துளியின்ரை வயசு.
இருபத்துமூண்டு எண்டால்
பீப்பாவின்ரை அடியிலை ஒரு கிழவன் ஒரு கரண்டி இருப்பான்.
மிச்சம் முழுக்க நேற்றுப் பிறந்த பெடியள்."

யூட் சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்தவில்லை.
பாரிஸ் கோப்பில் அவனுக்குப் பதினேழு.
இறங்கியபோது இருபது;
மீசையை விமானக் கழிவறையில் வழித்தான்.
இனிப் பென்சனுக்கு மூன்று வருடம் கூட உழைக்கவேண்டும்,
அதை யாரிடம் போய் முறையிடுவது?
எட்மனின் பதிவு கச்சேரியோடு எரிந்தது.
அவனிடம் இருப்பது உத்தேச வயதுச் சான்றிதழ்.
எனக்குக் கலியாணப் பேச்சில் நாலு குறைத்தார்கள்.
பேச்சு முறிந்தது, நாலும் திரும்பி வரவில்லை.

"போத்தலுக்குள்ளை இருந்து இன்னும் முத்துமோ?"
றெஜினோல்ட் கேட்டான்.
"இல்லை. மரத்தை விட்டு வந்த நாளோடை சரி.
அம்பது வருசம் அலுமாரியிலை வைச்சாலும் எட்டு எட்டுத்தான்."
அவன் பர்ஸை எடுத்தான்,
திறக்காமல் திரும்ப வைத்தான்.
அதில் இருப்பது அண்ணனின் படம் என்று
எங்கள் மூவருக்கும் தெரியும்.
மின்விசிறி மூன்றில் சுற்றியது.

கை தூக்கினோம். ஐந்து வென்றது.
ஐஸ் வாளிக்குள் வைத்துவிட்டிருந்தான் யாரோ;
ஈரப் பேப்பரை இழுக்க லேபிளும் கூடவே உரிந்து
கூழாகக் கையில் வந்தது.
எந்த நாடு, எத்தனை வருடம்? யூட்டுக்கும் ஞாபகமில்லை.
கண்ணாடியில் மிஞ்சி ஒட்டியிருந்தது
ஒரு நெற்றி, பாதிக் கண்ணாடிச்சட்டம், வயது 71.

எட்மன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"பாசையூர் மனுசன். அப்பாவோடை படிச்சவர்.
எழுபத்தொண்டோ? எண்பதுக்கு ஒரு நாள் குறையாது!"
சொல்லிக்கொண்டே கிளாஸை நீட்டினான்.