காரணத்தைத் தேர்வு செய்க

இரவு ஷிப்டுக்கு நாங்கள் மூன்று பேர்.
ஒரு ஃபேன், இரண்டு கணினி,
மஞ்சக்குப்பத்துக் கொசு முழுக்க.
பதிவறை மருத்துவமனையின் பின்பக்கம்
சலவைக்கட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில்.
கரண்ட் போனால் சர்வர் பதினோரு நிமிடம் தாங்கும்.
நாங்கள் எவ்வளவு என்று மேனுவலில் இல்லை.

வேலை இதுதான்:
டாக்டரின் கிறுக்கலைக் குறியீடாக்குவது.
நாய்க்கடி டபிள்யூ ஐம்பத்து நான்கு.
மரத்திலிருந்து விழுந்தால் டபிள்யூ பதினான்கு,
பண்ருட்டியில் பலா இறக்கும் மாதங்களில்
அதை விரல் தானாகவே அடிக்கும்.
தூக்கமின்மை ஜி நாற்பத்தேழு.
இதை யாருக்குப் போட்டாலும்
லிடியா கொட்டாவி விடுவாள்,
நாங்கள் சிரிப்போம்.

போன வாரம் இரண்டு அஞ்சலைகளை ஒன்றாக்கப் பார்த்தேன்.
ஒரே வயது, ஒரே சிங்காரத்தோப்பு,
புருஷன் பேர்கூட ஒன்றே.
ஒருத்திக்கு மட்டும் பென்சிலின் ஆகாது.
"சேர்த்திருந்தா கொன்னிருப்ப" என்றார் மேற்பார்வையாளர்
டீயை உறிஞ்சிக்கொண்டே.
கத்தியிருந்தால் பரவாயில்லை.
அன்று முழுக்கக் கை நடுங்கியது.
நடுக்கத்துக்கும் ஒரு எண் இருக்கிறது, தெரியும்.

மாணவர் நலன் என்று கல்லூரி ஒரு படிவம் அனுப்பியது.
நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், தப்ப முடியாது.
ஐம்பத்திரண்டு பேரில் ஐம்பத்தொரு பேர்
எட்டு என்று போட்டோம்.
எல்லா வரியிலும் ஒரே எண் வந்தால் சந்தேகப்படு என்று
மூன்றாம் யூனிட்டில் சொல்லிக்கொடுத்தவர்களே
அதை அச்சடித்துப் பலகையில் ஒட்டினார்கள்.

அருள்விழி மட்டும் மூன்று என்று போட்டிருந்தாள்.
கூப்பிட்டுக் கேட்டார்கள்,
தப்பா டைப் பண்ணிட்டியாம்மா?
ஆமாம் என்றாள்.
அவளுக்காகப் படிவத்தைத் திரும்பத் திறந்துவிட்டார்கள்.

நேற்று ஒன்று நாற்பதுக்கு
அவசரப் பிரிவு வரிசையில் ஒரு பெயர் விழுந்தது.
அருள்விழி செ., இருபது, பெண்,
முகவரி: மாணவியர் விடுதி.
வந்த காரணம்: மயக்கம்.

என் அறை. என் ஜன்னல்பக்கத்துக் கட்டில்.

ஃபைலைத் தொட்டதும் சிஸ்டம் கேட்டது,
காரணத்தைத் தேர்வு செய்க.
சிகிச்சை. பில். தணிக்கை. குறியீட்டுப் பணி.
குறியீட்டுப் பணி என்று அழுத்தலாம், பொய்யும் இல்லை.
யார் எப்போது திறந்தார்கள் என்ற பட்டியலில்
என் பெயர் சுத்தமாக நிற்கும்.
ஆனால் அவள் ரத்தத்தை
அவளுக்குத் தெரியாமல் நான் வாசித்திருப்பேன்.
அவள் எனக்குச் சொல்லாமல் விட்டதெல்லாம்
பத்தி பத்தியாக அங்கே இருக்கலாம்.
இல்லாமலும் போகலாம்.
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

நௌஷாத், இதை நீ எடு என்றேன்.
அவன் பெயரைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை, நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

தென்காற்று திரும்பியிருந்தது.
சிப்காட் வாசனை வராந்தா முழுக்க,
யாரோ அழுகிற குழந்தைக்கு போனில் கார்ட்டூன் போட்டிருந்தார்கள்.
அவள் கையில் டிரிப்.
கால்விரல் நகத்தில் நான் பூசிவிட்ட ஊதா பாதி உரிந்திருந்தது.

"என்ன கோடு போட்டாங்க?"
"பாக்கலடி."
"சும்மா சொல்லாத."
"சத்தியமா."
கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்,
"ஆர் ஐம்பத்தஞ்சுதான இருக்கும்.
செகண்ட் இயர் வைவால எனக்கு அதான் வந்துது,
தெரியலன்னு சொல்லிட்டேன்."
சிரித்தோம். டிரிப் பாட்டில் ஆடியது,
நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.
பிறகு அவள் கொஞ்சம் அழுதாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

நாலு பத்துக்குத் தூங்கினாள்.
பழக்கதோஷம், மணி பார்த்து வைத்தேன்.
ஆறே காலுக்கு விழித்தாள்.
எங்கும் பதியவில்லை.

காலையில் என் வருகைக் கணக்கில் ஒரு கட்டம் சிவந்திருந்தது.
இருக்கையில் இல்லாத நேரம்: நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.
காரணத்தைத் தேர்வு செய்க.
அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.
நெல்லிக்குப்பம் பஸ் திரும்பும் முக்கில் கடை திறந்திருந்தது.
இட்லி இரண்டு பார்சல்.
ஒன்றில் சாம்பார் ஊற்றாதீங்க என்றேன்.
அவளுக்குப் பிடிக்காது.