ரீடிங்

மேலப்பாளையத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருக்க
எழுநூறு வாசலில் நின்று
"கரண்டு ரீடிங்" என்று கத்துகிறவன் நான்.
மீட்டர் பெட்டிக்குள் பல்லி, ஒட்டடை.
கதவுக்குப் பின்னால் சுளகு உரசும் சத்தம்,
புகையிலைத் தூளின் காரம்,
அப்புறம் இருமல்.
இருமலுக்கு மீட்டர் கிடையாது.

ஹைகிரவுண்டிலிருந்து ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்கள்:
"நீங்க தேறிட்டீங்க."
எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம்,
ரத்தம் சுத்தம், சளி சுத்தம்.
பத்தாம் வகுப்பில்கூட
இத்தனை பாடத்தில் நான் தேறியதில்லை.
எனக்கு முன்னால் போன தச்சநல்லூர்க்காரர்
சர்க்கரை இருக்கிறதென்று தெரிந்து
கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடிப்படி இறங்கினார்.

பத்தொன்பது பக்கப் படிவம்.
பதினொன்றாம் பக்கத்தில் ஒரு வரி:
'இதனால் தங்களுக்கு நேரடிப் பலன் ஏதுமில்லை.'
டாக்டர் மெஹராஜ் அதை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.
நான் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளும்
இவ்வளவு பச்சையாகப் பேசியதில்லை.
பஸ் செலவு உண்டு, அன்றைய கூலி உண்டு.
வேண்டாமென்றால் எந்த நாளும் எழுந்து போகலாம்.
ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

பிறந்த மாதம் குத்திய பழைய தழும்புக்கு
நாலு விரல் கீழே
சிஸ்டர் ஹெப்சிபா ஊசியைப் படுக்கவைத்தாள்.
கொசு கடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கொப்புளம்.
அரைமணிக்கு ஒருக்க வந்து
பிளாஸ்டிக் ஸ்கேலால் அதை அளந்தாள்.
எலி பார்த்தாயிற்று, குரங்கு பார்த்தாயிற்று,
அப்புறம் எங்கள் செட்டு.
நான் ஏழாம் எண்.

வடிவு இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் "கடன் கிடன் இருக்கா?" என்றாள்.
இல்லை.
"பெறவு என்னத்துக்கு?"

வாய்க்கால் தெருவில் ஒரு வீடு.
நானூற்றிப் பத்து யூனிட் ஓடிக்கொண்டிருந்தது,
போன தையிலிருந்து அறுபது.
ஆள் குறைந்தால் மீட்டர்தான் முதலில் சொல்லும்.
அதைச் சொன்னேன்.
அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.
எனக்கும் முழுசாக இல்லை.

கார்டு ஒன்று கொடுத்திருந்தார்கள்.
காலைச் சூடு, ராத்திரிச் சூடு,
தலைவலி, வாந்தி, அசதி, குத்தின இடத்தில் சிவப்பு.
எட்டு நாளும் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு.
ஒன்பதாம் நாள் சாயங்காலம்
குறுக்குத்துறையில் புதுவெள்ளம்.
இறங்கிவிட்டேன்.
ராத்திரி நூற்றொன்று.

பூட்டிய வீட்டுக்குப்
போனமுறை அளவையே எழுதிவிட்டு நடக்கிற கை
பேனாவை எடுத்தது.
தொண்ணூற்றெட்டு என்று எழுதியும் விட்டது.
புள்ளி வைக்கும்போது நின்றது.
அடித்தேன்.
மேலே நூற்றொன்று, பக்கத்தில் கையெழுத்து:
ச. உச்சிமாகாளி.

"ஆத்துல குளிச்சதுதான் சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல."
"காரணத்த நாங்க பாத்துக்கிடுதோம்,
நீங்க உள்ளத எழுதுங்க."
இரண்டு குப்பி ரத்தம் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த எட்டுப் பேருக்குப் பத்து மடங்கு மருந்து.
அவர்கள் தேதி தள்ளிப்போனது.
பதினாறு நாள்.
என் ஒரு குளியலுக்கு
எங்கெங்கோ எட்டு வீட்டில்
காலண்டர் தாளைத் திருப்பியிருப்பார்கள்.

பிறகு ஒருநாள் சமாதானபுரம் ஸ்டாப்பில்
இடது கையை உடம்போடு ஒட்டாமல் வைத்தபடி ஒரு பெண்.
சேலை முந்தியில் செருகிய பர்சுக்குள்ளிருந்து
அந்த மஞ்சள் கார்டின் ஓரம்.
காய்ச்சல் வந்தா எழுதிருங்க
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஜங்ஷன் பஸ் வந்தது, அவள் ஏறிவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்து டாக்டர் சொன்னார்:
"ஒண்ணும் நடக்கலை.
அதுதான் எங்களுக்கு வேணும்."
வேலை செய்யுமா என்பது அடுத்த கேள்வி,
அதற்கு வேறு ஆட்கள், வேறு ஊர்கள், வருஷக்கணக்கு.

வாய்க்கால் தெரு வீட்டில் இந்தத் தடவை
எழுபத்திரண்டு.
யாரோ கொஞ்சம் ஃபேன் போட்டிருக்கிறார்கள்.
கேட்கவில்லை.
எழுதிக்கொண்டேன்.