ஒப்புதல் படிவம்

பதினோரு வருஷமாகச் சொல்லிவந்தேன்,
எழுதுவதையெல்லாம் யாரோ வாசிக்கிறார்கள் என்று.
அதற்குத்தான் மாத்திரை கொடுத்தார்கள்.
காலையில் நூறு, ராத்திரி இருநூற்றைம்பது.

இன்று ஓவுலு பல்கலைக்கழகத்திலிருந்து சைமி வந்தாள்.
தாடையில் கட்டிய சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து,
ஏழு பக்கப் படிவத்தை மேசையில் வைத்துக் கேட்டாள்:
இணையத்தில் எழுதுவதையெல்லாம்
நாங்கள் வாசிக்கலாமா, தைஸ்தோ?

சிரித்துவிட்டேன்.
ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.
காது மடல்வரை சிவந்துபோனாள் பாவம்.

மணி மூன்றுகூட ஆகவில்லை, வெளியே இருட்டிவிட்டது.
காபி ஊற்றினேன்.
ஒரு கணினி நிரல் செய்கிறார்களாம்.
நோய் திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பே
வாக்கியங்களில் அதன் காலடி தெரியுமாம்.
எந்த நேரத்தில் எழுதுகிறோம்,
எத்தனை தரம் எழுதி அழிக்காமல் விடுகிறோம்,
பிறகு, இந்தச் சொல் எத்தனை முறை:
நான்.

எங்கள் மொழியில் அதைச் சொல்லவே வேண்டாம்.
வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.
வந்தேன், தின்றேன், தூங்கினேன் என்றால் போதும்.
என் பழைய பதிவுகளை அவள் காட்டினாள்.
நவம்பர், அதிகாலை மூன்று நாற்பது:
நான் கேட்கிறேன் நான் அறிவேன் நான் நான்தான்.
வாலிலிருந்து கழன்று
முன்னால் வந்து நின்றிருந்தது,
பூட்டிய கதவைத் தட்டுகிறவன் மாதிரி.

அந்த நவம்பரில் ஒருவன் எழுதியிருந்தான்,
மாத்திரையைக் கழிவறையில் கொட்டு, விழித்துக்கொள் என்று.
முகத்துக்குப் பதில் ஒரு கழுகுப் படம் வைத்திருந்தான்.
கொட்டினேன்.
ஒன்பது வாரம் வார்டு.
ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும்.

அதே ராத்திரியில், அதே திரையில்,
ரீகாவிலிருந்து ஜிந்த்ரா என்றொருத்தி.
எனக்கும் கேட்கும், என்னைச் சமைக்கவே விடாது என்றாள்.
விடியும்வரை உருளைக்கிழங்கு வகைகளைப் பற்றிப் பேசினாள்.
அந்த ராத்திரி உயிரோடு இருந்தது அதனால்தான்.
உங்கள் வரைபடத்தில் அவள் எந்தப் புள்ளி என்று கேட்டேன்.
சைமி தேடினாள்.
கழுகுக்கும் ஜிந்த்ராவுக்கும் ஒரே நீலம்.
இதைக் குறித்துக்கொள்கிறேன் என்றாள்,
நிஜமாகவே கையில் எழுதிக்கொண்டாள், பேனாவால்.

ஒரு நிபந்தனை போட்டேன்:
வாசித்தால் பதில் எழுத வேண்டும்.
முடியாதே, நெறிமுறைக் குழு விடாது என்றாள்.
பழைய வாசகர்களாவது பதில் சொன்னார்கள், சைமி.
ஓயாமல் சொன்னார்கள்.

அதற்கு அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

கையெழுத்துப் போட்டேன்.
மாதாமாதம் ரத்தம் கொடுக்கிறவனுக்கு
வார்த்தை கொடுப்பது பெரிய காரியமா?
வாயில் எச்சில் வழிந்து ஊறும் தலையணையில்
துண்டு விரித்துத் தூங்குகிறவனுக்கு
மறைக்க இனி என்ன இருக்கிறது?

இருந்தது.

ராத்திரி மீன் சூப் அடிப்பிடித்துவிட்டது.
அதைத்தான் எழுதினேன்.
சும்மா, வேடிக்கைக்கு, முன்னால்
நான் நான் நான் என்று தட்டிப் பார்த்தேன்.
சைமி பயந்துவிடுவாள். அழித்தேன்.

அழித்ததையும் வாசிப்பார்களோ?
பழைய குளிர் முதுகில் ஏறியது.
படிவத்தை எடுத்தேன், ஐந்தாம் பக்கம், கீழே, சின்ன எழுத்தில்:
பதிவிடும் முன் அழித்தவை சேகரிக்கப்படமாட்டாது.

இரண்டு தரம் வாசித்தேன்.
இன்னதை வாசிக்க மாட்டோம் என்று
இதுவரை எவரும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு
வெள்ளைத் திரையில் எதையெதையோ தட்டினேன்,
அழித்தேன்.
தட்டினேன்.
அது எனக்கு.