நூற்றுப்பதினேழாவது கண்ணாடிக் குண்டு

வானத்தைப் பார்க்க
இவர்கள் ஏரிக்குள் குனிகிறார்கள்.

பைக்கால், மார்ச் மாதம்.
பனிக்கட்டியின் கனம் எண்பத்திரண்டு சென்டிமீட்டர்;
துமேன் இன்று காலையும் துளையிட்டு அளந்தான்.
அதற்குக் கீழே ஒரு கிலோமீட்டர் இருட்டு.
இருட்டுக்குள் கம்பியில் கோத்த கண்ணாடிக் குண்டுகள்.
பூமியின் மறுபக்கத்தில் நுழைந்து
மலை, எரிகுழம்பு, உலோகம் எதிலும் படாமல்
அடியிலிருந்து ஏறிவரும் ஒன்றுக்காக
விழித்துக் கிடக்கின்றன.
அந்த ஒன்றை எவரும் பார்த்ததில்லை.
எப்போதாவது அது தண்ணீரில் இடறினால்
நீலமாய் ஒரு பொறி. அவ்வளவுதான்.
பொறியைப் பார்த்து
இடறியது யார் என்று சொல்ல வேண்டும்.

துமேன் முப்பத்தொரு குளிர்காலமாக
இந்தப் பனியில் லாரி ஓட்டுகிறான்.
ஒருமுறைகூட மூழ்கியதில்லை.
ஆனாலும் கதவைத் திறந்துவைத்தே ஓட்டுகிறான்,
மைனஸ் இருபதிலும்.
"இத்தனை வருஷம் தாங்கியதே?" என்ற
மாணவன் ஜர்கலிடம்
"தாங்கினது பழைய பனி" என்றான்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பவர்கள்
பானைக்கு முன்னால்தான் நின்றிருக்கிறார்கள்,
பானைக்குள் நின்றதில்லை.

நேற்றிரவு மூன்று நாற்பதுக்கு
நூற்றுப்பதினேழாவது குண்டு ஒரு வெளிச்சம் கண்டது.
மேலே இருக்கும் பதினாறு காணவில்லை.
கீழே பதினெட்டும் காணவில்லை.
எர்ஜெனாவின் தேநீர்
மேலே ஆடை கட்டி ஆறிப்போனது.

விதி தெளிவானது:
ஆறு குண்டுகளாவது சேர்ந்து கண்டால்தான் கண்டது.
ஒன்று மட்டும் கண்டது கனவு.
கழித்துவிட வேண்டும்.

"யார் எழுதிய விதி?"
"நான்தான், அக்டோபரில்" என்றாள் கபிதோலினா,
காலையில் பூட்ஸைக் கழற்றியபடி.
"எதையும் பார்ப்பதற்கு முன்னால்.
பார்த்த பிறகு பொறுக்கினால்
ஏரியில் என் முகம்தான் தெரியும்."
"பார்ப்பதற்கு முன்பே பொறுக்கினால்
உங்கள் போன வருஷத்து முகம் தெரியும்"
என்றாள் எர்ஜெனா.
கபிதோலினா சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை.
இன்னொரு பூட்ஸைக் கழற்ற
ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

மதியம் வின்ச் உறுமியது.
குண்டு மேலே வந்தது, தர்பூசணி அளவில், சொட்டச் சொட்ட.
விரிசல் இல்லை.
உள்ளே ஒரு துளி நீர் இல்லை.
மின்னழுத்தம் சரி.
உடைந்திருந்தால்
எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம்.

ஜர்கல் கைவிரல் மடக்கினான்:
கண்ணாடியில் கலந்த பொட்டாசியம் சிதைந்திருக்கலாம்.
ஏதோ ஓர் அற்ப உயிர் மினுங்கி உரசியிருக்கலாம்.
இந்த ஏரி நீர் தானாகவே ஒளிரும், அதாகவும் இருக்கலாம்.
இல்லை, நிஜமாகவே அதுதான் இடறியது,
ஓரமாக, சோம்பலாக.
நான்கும் அந்த ஒரு புள்ளிக்குப் பொருந்தின,
ஒரே செருப்பு நான்கு பேருக்கும் சரியாக இருப்பதுபோல.
செருப்பை வைத்து
நடந்தவனைச் சொல்ல முடியுமா?

"ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு..." என்று தொடங்கிய கபிதோலினா
முடிக்கவில்லை.
எந்தக் கண்டுபிடிப்பும் முதல் நாள் ஒன்றாகத்தான் இருந்தது.
எந்தப் பிழையும் அப்படித்தான்.

மை உறைந்துபோகும் என்பதால்
பனிமேல் வைத்த குறிப்பேட்டில் எல்லாமே பென்சில்.
எர்ஜெனா எழுதினாள்:
நூற்றுப்பதினேழு. மூன்று நாற்பது. ஒரு பொறி.
கணக்கில் சேர்க்கவில்லை.
ரப்பரைக் கையில் எடுத்தாள், பார்த்தாள்,
கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டாள்.
கீழே இன்னொரு வரி:
கழிக்கவும் இல்லை.

திரும்பும் வழியில் பனி வெடித்தது,
தொலைவில் யாரோ பீரங்கி சுட்டதுபோல.
லாரிக்குள் பேச்சு நின்றது.
துமேன் இறங்கினான், காது கொடுத்தான்,
மறுபடி துளையிட்டான்.
எண்பத்தொன்று.
"காலையில் எண்பத்திரண்டு என்றீர்களே, எது சரி?"
"அது அங்கே. இது இங்கே."
ஏறி உட்கார்ந்தான்.
அவன் பக்கத்துக் கதவு எப்போதும்போலத் திறந்தே கிடந்தது.

ஜர்கல் கொஞ்சம் யோசித்து
தன் பக்கத்துக் கதவையும் தள்ளினான்.
குளிர் நேராக உள்ளே வந்து
நடுவில் உட்கார்ந்துகொண்டது.